மற்றவை எல்லாம் சமமாக இருந்தால்...

எண்ணெய்க் கடையில் தூக்குவாளியை நீட்டுகிறீர்கள். கடைக்காரர் என்ன செய்கிறார்? முதலில் காலி வாளியைத் தராசில் வைக்கிறார். அப்புறம்தான் எண்ணெய் ஊற்றுகிறார். மொத்த எடையில் வாளியின் எடையைக் கழித்துவிட்டு, மிச்சத்துக்குத்தான் காசு. கழிக்காமல் விட்டால் சும்மா இருப்பீர்களா? 'என்னங்க, வாளிக்கும் சேர்த்து விலை போடறீங்க?' என்று சண்டைக்குப் போய்விடுவீர்கள்.

இப்போது காட்சியைக் கொஞ்சம் மாற்றுவோம். ஒரு பாட்டி, வீட்டில் காய்ச்சிய நெய்யை அதே கடைக்கு விற்கக் கொண்டு வருகிறாள். கடைக்காரர் பாத்திரத்தோடு தராசில் வைக்கிறார். 'மொத்தம் மூணு கிலோ பாட்டி. பாத்திரம் ஒரு கிலோ இருக்கும், கழிச்சிக்கறேன்' என்கிறார். பாத்திரம் உண்மையில் அரைக் கிலோதான். அரைக் கிலோ நெய், பாத்திரத்தின் கணக்கில் போய்விட்டது. பாட்டிக்குத் தெரியவே தெரியாது.

கழிக்க வேண்டியதைக் கழிக்காவிட்டால் ஒருத்தருக்கு அநியாயம். கழிக்கக் கூடாததைக் கழித்தால் இன்னொருத்தருக்கு அநியாயம். இதில் இரண்டாவது மோசம். ஏனென்றால், 'நான் நியாயமாகக் கழித்துத்தானே சொல்கிறேன்' என்று கடைக்காரர் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம்.

இந்த வாரம் நாம் பேசப்போவது இந்தக் கழித்தல் கணக்கைத்தான். தராசில் இருப்பது மட்டும் எண்ணெயோ நெய்யோ இல்லை. நீங்களும் நானும்.

என்னைப் போல பி.காம். படித்தவர்களுக்குப் பொருளாதார வகுப்பு ஞாபகம் இருக்கும். விலை ஏறினால் தேவை குறையும் என்று சொல்லிவிட்டு, புரொஃபசர் ஒரு வாலைச் சேர்ப்பார்: 'மற்றவை மாறாதிருக்கும்போது'. லத்தீனில் 'செட்டரிஸ் பாரிபஸ்'. பரீட்சையில் இதை எழுதாவிட்டால் மார்க் போய்விடும். ஆனால், நிஜ வாழ்க்கையில் மற்றவை எப்போது சார் மாறாமல் இருந்திருக்கின்றன? விலை ஏறும்போது சம்பளமும் ஏறுகிறது, பக்கத்துக் கடையும் திறக்கிறது, தீபாவளியும் வருகிறது.

ஆராய்ச்சியாளர்களுக்கும் இதே தலைவலி. மேனேஜ்மென்ட் துறையில் ஒருத்தர் ஒரு கேள்வி எடுத்துக்கொள்கிறார். அன்பாகப் பேசும் மேனேஜரின் கீழே வேலை செய்பவர்கள் அதிகமாக விற்கிறார்களா? ஆயிரம் பேரிடம் தகவல் சேகரிக்கிறார். ஆமாம், அதிகம் விற்கிறார்கள் என்று வருகிறது. உடனே யாராவது குறுக்கே வருவார்கள். 'அன்பான மேனேஜர்களிடம் அனுபவசாலிகள் போய்ச் சேர்ந்திருப்பார்கள். விற்பனை அனுபவத்தால் வந்தது, அன்பால் இல்லை.'

நியாயமான சந்தேகம். அதனால் அனுபவத்தின் பங்கைக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும். அதாவது, ஒரே அளவு அனுபவம் உள்ளவர்களை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட வேண்டும். கம்ப்யூட்டர் இதற்கு ஈடான ஒரு கணக்கைப் போட்டுத் தருகிறது. இப்படிக் கழிக்கப்படும் விஷயத்துக்குத்தான் 'கன்ட்ரோல் வேரியபிள்' என்று பெயர். தமிழில் கட்டுப்பாட்டு மாறி. பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். நம்ம தூக்குவாளிதான்.

கம்ப்யூட்டர் கழித்துத் தரும். ஆனால், எதைக் கழிப்பது என்று அது சொல்லாது. அதை மனிதன்தான் முடிவு செய்ய வேண்டும். பிரச்னை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதலில், கழிக்காவிட்டால் என்ன ஆகும் என்று பார்ப்போம்.

1986-ல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' பத்திரிகையில் சிறுநீரகக் கல் சிகிச்சை பற்றி ஒரு கட்டுரை வந்தது. ஒரு பக்கம் வயிற்றைத் திறந்து செய்யும் பழைய ஆபரேஷன். இன்னொரு பக்கம் சின்னத் துளை போட்டுக் கல்லை எடுக்கும் முறை. இரண்டிலும் 350 நோயாளிகள். திறந்த ஆபரேஷனில் வெற்றி 78 சதவிகிதம். துளை முறையில் 83 சதவிகிதம். துளை முறைதான் ஜெயித்தது என்று நீங்களும் நானும் தீர்ப்பு எழுதிவிடுவோம்.

கொஞ்சம் பொறுங்கள். கல்லின் அளவைப் பார்த்து நோயாளிகளைப் பிரித்தால் கதை தலைகீழ். சின்னக் கல் உள்ளவர்களில் திறந்த ஆபரேஷனின் வெற்றி 93 சதவிகிதம், துளை முறை 87. பெரிய கல் உள்ளவர்களில் திறந்த ஆபரேஷன் 73, துளை முறை 69. இரண்டு பிரிவிலும் பழைய முறைதான் முன்னால் நிற்கிறது!

எப்படி? திறந்த ஆபரேஷன் செய்துகொண்ட 350 பேரில் 263 பேருக்குப் பெரிய கல். துளை முறையில் வெறும் 80 பேருக்குத்தான். கஷ்டமான கேஸை எல்லாம் ஒருத்தர் தலையில் கட்டிவிட்டு, 'உன் ரிசல்ட் சரியில்லையே' என்று கேட்ட கதை. கல்லின் அளவு இங்கே பாத்திரம். அதைக் கழித்தே ஆகவேண்டும்.

இது நமக்குப் புதிதும் அல்ல. நுழைவுத் தேர்வு வைத்துப் பொறுக்கி எடுத்த பிள்ளைகளை மட்டும் சேர்த்துக்கொள்ளும் பள்ளி 'நூறு சதவிகிதத் தேர்ச்சி' என்று வாசலில் பேனர் கட்டுகிறது. வருகிற பிள்ளைகளை எல்லாம் சேர்த்துக்கொள்ளும் பள்ளி 85 சதவிகிதம் வாங்கிவிட்டுத் தலையைக் குனிந்து நிற்கிறது. எந்தப் பள்ளி வாத்தியார் நன்றாகச் சொல்லிக்கொடுத்தார்? பேனரைப் பார்த்தால் தெரியாது. உள்ளே வந்தபோது பிள்ளைகள் எப்படி இருந்தார்கள் என்பதைக் கழித்தால்தான் தெரியும்.

ஆக, கழிப்பது நல்லது. நிறையக் கழித்தால் இன்னும் நல்லதுதானே? வயது, படிப்பு, அனுபவம், பதவி, டிபார்ட்மென்ட், ஊர்... கிடைத்ததை எல்லாம் கழித்துவிட்டால் மிஞ்சுவது சொக்கத் தங்கம் இல்லையா?

இல்லை. நிறைய ஆராய்ச்சியாளர்களே சறுக்கும் இடம் இது. பால் ஸ்பெக்டர், மைக்கேல் பிரானிக் என்று இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள் 2011-ல் மேனேஜ்மென்ட் ஆராய்ச்சியாளர்களுக்காகவே ஒரு கட்டுரை எழுதினார்கள். கன்ட்ரோல் வேரியபிள்களைச் சேர்க்கச் சேர்க்கக் கணக்கு சுத்தமாகிவிடும் என்பது, ஊருக்குள் உலவும் கட்டுக்கதைகளில் ஒன்று என்று சொன்னார்கள். ஏன், எதற்கு என்று யோசிக்காமல், 'எல்லோரும் வயதையும் பாலினத்தையும் கழிக்கிறார்கள், நானும் கழித்தேன்' என்கிற பழக்கத்தின் மேல்தான் அவர்களுக்குக் கோபம்.

ஏன் கட்டுக்கதை? கலிஃபோர்னியாவுக்குப் போவோம். 1973. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் மேற்படிப்பு அட்மிஷன். விண்ணப்பித்த ஆண்கள் 8,442 பேர். அவர்களில் சுமார் 44 சதவிகிதம் பேருக்கு இடம் கிடைத்தது. பெண்கள் 4,321 பேர். அவர்களில் 35 சதவிகிதம் பேருக்குத்தான் இடம். பார்த்தவுடன் என்ன தோன்றும்? ஆண்களுக்குச் சலுகை!

பீட்டர் பிக்கல், யூஜின் ஹாமல், வில்லியம் ஓ'கானல் என்ற மூன்று பேர் இதைத் துருவிப் பார்த்து 1975-ல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். ஒவ்வொரு டிபார்ட்மென்டாகப் பிரித்துப் பார்த்தால், பெண்களுக்கு எதிரான பாரபட்சம் கிட்டத்தட்டக் காணாமல் போய்விட்டது. சரியாகக் கூட்டிப் பார்த்தால் பெண்கள் பக்கமே லேசாகச் சாய்வு. காரணம், பெண்கள் அதிகமாக விண்ணப்பித்தது, போட்டி கடுமையாக இருந்து இடம் கிடைப்பது கஷ்டமான டிபார்ட்மென்ட்களுக்கு.

'அப்புறம் என்ன, பல்கலைக்கழகம் நிரபராதி, கேஸ் க்ளோஸ்' என்று இந்தக் கதையைப் பல பேர் இங்கேயே முடித்துவிடுவார்கள். ஆனால், அந்த மூன்று பேரும் அப்படி முடிக்கவில்லை. பெண்கள் ஏன் அந்த டிபார்ட்மென்ட்களுக்கே குவிந்தார்கள் என்று அடுத்த கேள்வியைக் கேட்டார்கள். பெண் பிள்ளைகளைச் சின்ன வயதிலிருந்தே வளர்ப்பும் பள்ளிப் படிப்பும் கூட்டம் அதிகமான, பணம் குறைவான, வேலைவாய்ப்பும் குறைவான படிப்புகளின் பக்கமே தள்ளிக்கொண்டு வந்திருக்கின்றன என்பதை அவர்களே சுட்டிக்காட்டினார்கள்.

இப்போது சொல்லுங்கள். 'டிபார்ட்மென்ட்' என்பது பாத்திரமா, நெய்யா?

பதில், நீங்கள் என்ன கேள்வி கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 'அட்மிஷன் கமிட்டியில் உட்கார்ந்திருந்தவர்கள் ஓரவஞ்சனை செய்தார்களா?' என்பது கேள்வி என்றால் டிபார்ட்மென்டைக் கழிக்க வேண்டும். எந்தப் பெண் எதற்கு விண்ணப்பிப்பாள் என்பது அவர்கள் கையில் இல்லை. 'பெண்ணாகப் பிறந்ததால் ஒருத்திக்கு மேற்படிப்பு கிடைப்பது கஷ்டமாகிறதா?' என்பது கேள்வி என்றால் கழிக்கக் கூடாது. ஏனென்றால், அந்தக் கஷ்டம் நடந்து வந்த பாதையே அந்த டிபார்ட்மென்ட்தான். அதைக் கழித்தால் பாட்டியின் நெய் பாத்திரக் கணக்கில் போய்விடும்.

இதை ஆபீஸுக்குள் கொண்டுவருவோம். ஒரு கம்பெனியில் இரண்டு சேல்ஸ் ஆட்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருத்தர் பெரிய மார்க்கெட் ஏரியா. இன்னொருத்தர் ஆள் நடமாட்டமே இல்லாத புறநகர். வருஷக் கடைசியில் அப்ரைசல். நல்ல மேனேஜர் என்ன செய்வார்? 'ஏரியா வித்தியாசத்தைக் கழித்துவிட்டுப் பார்க்கிறேன்' என்பார். கைதட்டலாம். ஆனால், அந்த ஏரியாக்களை யார் பிரித்துக் கொடுத்தது? அதே மேனேஜர், தனக்குப் பிடித்தவருக்கு நல்ல ஏரியாவைக் கொடுத்திருந்தால்? இன்சென்டிவ் முழுக்க அவருக்கே போகும். யாராவது கேட்டால், 'ஒரே மாதிரி ஏரியாக்காரர்களை ஒப்பிட்டுப் பாருங்கள், ஒரு வித்தியாசமும் இல்லை' என்று கணக்கைக் காட்டிவிடலாம். கணக்கில் ஒரு பைசா பிசகு இருக்காது. அநியாயம் நடந்தது கணக்குக்கு முன்னாலேயே.

கற்பனை என்று தள்ளிவிடாதீர்கள். கூகுள் கம்பெனியில் இதே கேள்வி பெரிதாக எழுந்தது.

2019 மார்ச்சில் கூகுள் ஒரு சம்பள ஆய்வின் முடிவை வெளியிட்டது. ஒரே மாதிரி வேலை, ஒரே லெவலில் இருப்பவர்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆச்சரியம்! 'லெவல் 4' சாஃப்ட்வேர் இன்ஜினீயர்களில் ஆண்களுக்குத்தான் குறைவாகப் போயிருக்கும் என்று வந்தது. ஆண், பெண் என்று எல்லோருமாக 10,677 ஊழியர்களுக்கு 97 லட்சம் டாலர் கூட்டிக் கொடுத்துச் சரிசெய்தார்கள். உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. 'பார்த்தீர்களா, பாதிக்கப்பட்டவர்கள் ஆண்கள்தான்!'

ஆனால், 2017-லிருந்தே அந்தக் கம்பெனிமேல் பெண் ஊழியர்கள் சிலர் தொடுத்த வழக்கு ஒன்று நடந்துகொண்டிருந்தது. அதில் அவர்கள் வைத்த முக்கியமான புகார்களில் ஒன்று என்ன தெரியுமா? ஒரே மாதிரி தகுதியும் அனுபவமும் இருந்தும், வேலைக்குச் சேரும்போதே பெண்களை ஒரு படி கீழே உள்ள லெவலில் உட்கார வைத்துவிட்டார்கள் என்பது. அது உண்மையாக இருந்தால், 'ஒரே லெவலில் உள்ளவர்களை ஒப்பிட்டோம்' என்ற கணக்கில் அந்த அநியாயம் தெரியவே தெரியாது. லெவல் 4-ல் இருக்கவேண்டியவள் லெவல் 3-ல் இருக்கிறாள். லெவல் 3 ஆட்களோடு ஒப்பிட்டால் அவள் சம்பளம் சரியாகத்தான் இருக்கும்.

லெவல் போடுவது பற்றிய ஆய்வையும் அடுத்துச் செய்யப்போகிறோம் என்று கூகுளும் அப்போதே சொன்னது. 2022-ல் சுமார் 15,500 பெண்களுக்காக 11.8 கோடி டாலர் தருவதாக ஒப்புக்கொண்டு வழக்கை சமரசத்தில் முடித்தார்கள். தவறு செய்ததாகக் கம்பெனி ஒப்புக்கொள்ளவில்லை. ஆகவே, யார் சொன்னது சரி என்று நாம் இங்கே தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால், சமரசத்தின் நிபந்தனைகளில் ஒன்றைக் கவனியுங்கள். சேரும்போது லெவல் நிர்ணயிக்கும் முறையை வெளியாள் ஒருத்தர் வந்து ஆராய வேண்டும். அதாவது, இதுவரை கழித்துக்கொண்டிருந்த அந்தப் பாத்திரத்தையே திறந்து பார்க்க வேண்டும்!

'லெவல்' என்ற ஒரே ஒரு கன்ட்ரோல் வேரியபிள். அதைப் போட்டால் ஒரு தீர்ப்பு, எடுத்தால் இன்னொரு தீர்ப்பு வரலாம். இரண்டுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான பேரின் மாசச் சம்பளம் நிற்கிறது. கணக்குப் பாடம் எங்கே முடிகிறது, தர்மம் எங்கே ஆரம்பிக்கிறது என்று கோடு போட முடிகிறதா உங்களால்?

அமெரிக்கா முழுமைக்குமே இப்படி ஒரு கணக்கு உண்டு. ஃபிரான்சின் பிளா, லாரன்ஸ் கான் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் 2017-ல் வெளியிட்டது. 2010-ம் ஆண்டுக் கணக்குப்படி, ஆண் ஒரு மணி நேரத்துக்கு 100 டாலர் வாங்கினால் பெண் வாங்கியது சுமார் 79. படிப்பு, அனுபவம் போன்றவற்றைக் கழித்தால் 82. எந்தத் தொழில், எந்தத் துறை என்பதையும் சேர்த்துக் கழித்தால் சுமார் 92. ஒரே தகவல், மூன்று எண்கள். மூன்றும் சரி. 79-ஐ மட்டும் தூக்கிக் காட்டுபவர் ஒரு கட்சி. 92-ஐ மட்டும் தூக்கிக் காட்டுபவர் இன்னொரு கட்சி. இருவரும் சொல்லாமல் விடுவது, தங்கள் எண் எந்தக் கேள்விக்குப் பதில் என்பதை.

2023-ல் பொருளாதார நோபல் வாங்கிய கிளாடியா கோல்டின் இதையே இன்னும் ஆழமாகத் தோண்டியவர். பணக்கார நாடுகளில் இன்றைய சம்பள வித்தியாசத்தில் பெரும்பங்கு, ஒரே தொழிலில் இருக்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவே இருப்பது, அது பெரும்பாலும் முதல் குழந்தை பிறக்கும்போது ஆரம்பிப்பது என்று காட்டினார். குழந்தைக்காக ஒருத்தி நாலு வருஷம் வீட்டில் இருக்கிறாள். 'அனுபவம் நாலு வருஷம் குறைவு, அதைக் கழித்தால் வித்தியாசம் இல்லை' என்று சொல்லிவிடலாம். முதலாளி நியாயமாகத்தான் நடந்துகொண்டார் என்பதற்கு அது பதில். தாயானதற்கு அவள் கொடுத்த விலை எவ்வளவு என்று கேட்டால், அந்த நாலு வருஷம்தானே விலையே? அதைக் கழித்துவிட்டு எதைத் தேடுகிறீர்கள்?

இதுவரை பார்த்தவர்கள் எல்லோரும் நல்ல மனதோடு கழித்தவர்கள் என்றே வைத்துக்கொள்வோம். விரும்பிய விடை வரும்வரை கழித்துக்கொண்டே போனால்?

2011-ல் ஜோசஃப் சிம்மன்ஸ், லீஃப் நெல்சன், யூரி சைமன்சோன் என்று அமெரிக்க பிசினஸ் பள்ளிகளைச் சேர்ந்த மூன்று பேராசிரியர்கள் ஒரு குறும்பு செய்தார்கள். 20 கல்லூரி மாணவர்களை அழைத்துப் பாட்டுப் போட்டார்கள். சிலருக்கு பீட்டில்ஸ் குழுவின் 'வென் ஐ'ம் சிக்ஸ்டி ஃபோர்'. சிலருக்கு விண்டோஸ் 7-னோடு வரும் 'கலிம்பா' என்ற இசை. பிறகு பிறந்த தேதியும், அப்பாவின் வயதும் கேட்டார்கள். அப்பாவின் வயதைக் கன்ட்ரோல் வேரியபிளாகப் போட்டுக் கழித்துப் பார்த்தால், பீட்டில்ஸ் கேட்டவர்கள் கிட்டத்தட்ட ஒன்றரை வயது இளமையாகிவிட்டார்கள்! கவனியுங்கள், இளமையாக உணரவில்லை. பிறந்த தேதியின்படியே இளமை. பாட்டுக் கேட்டால் பிறந்த தேதி மாறும் என்று புள்ளிவிவர விதிப்படி நிரூபணம் ஆகிவிட்டது.

இது நடக்காத காரியம் என்று எல்லோருக்கும் தெரியும். அதுதான் அவர்கள் சொல்ல வந்த விஷயமும். வேறு பல கேள்விகளும் கேட்டிருந்தார்கள், மூன்றாவதாக ஒரு பாட்டும் போட்டிருந்தார்கள். அதை எல்லாம் முதலில் சொல்லாமல், தோதாக வந்ததை மட்டும் காட்டினார்கள். பிறகு அதே கட்டுரையில் குட்டை அவர்களே உடைத்தார்கள். விடையைப் பார்த்துவிட்டு எதைக் கழிப்பது என்று முடிவு செய்ய ஆரம்பித்தால், எதையும் நிரூபித்துவிடலாம் என்று காட்டத்தான் இத்தனையும்.

யோக்கியமானவர்களுக்கும் இது பொருந்துமா என்று கேட்பீர்கள். அதற்கும் ஒரு சோதனை உண்டு. 2018-ல் வெளியானது. ரஃபேல் சில்பர்சான், எரிக் உல்மன் ஆகியோர் முன்னின்று நடத்தியது. ஒரே தகவல் மூட்டையை 29 ஆராய்ச்சிக் குழுக்களிடம் கொடுத்தார்கள். இங்கிலாந்து, ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின் லீக்குகளில் ஆடிய 2,053 கால்பந்து வீரர்களின் விவரம். கேள்வி ஒன்றே ஒன்று: கறுத்த வீரர்களுக்கு நடுவர்கள் அதிகமாகச் சிவப்பு அட்டை காட்டுகிறார்களா?

20 குழுக்கள் 'ஆமாம்' என்றன. 9 குழுக்கள் 'உறுதியாகச் சொல்ல முடியாது' என்றன. ஆமாம் என்றவர்களுக்குள்ளும் லேசாக, ரொம்ப என்று பல அளவு. யாரும் ஏமாற்றவில்லை. யாருக்கும் லாபமும் இல்லை. பிறகு ஏன் இத்தனை விடை? கணக்குப் போடும் முறையே குழுவுக்குக் குழு வேறு என்பது ஒரு காரணம். இன்னொன்று, எதைக் கழிப்பது என்பதில் 29 குழுக்களும் சேர்ந்து 21 விதமான கூட்டணிகளைத் தேர்ந்தெடுத்திருந்தன! ஒருவர் வீரரின் ஆட்ட இடத்தைக் கழித்தார். ஒருவர் லீக்கைக் கழித்தார். இன்னொருவர் உயரம், எடையையும் சேர்த்தார். படித்தவர்கள், நிபுணர்கள், நேர்மையானவர்கள். அவர்களுக்கே இந்தக் கதி.

அப்படியானால் புள்ளிவிவரமே பித்தலாட்டம், எல்லாவற்றையும் குப்பையில் போடலாமா? கூடாது. தராசு தப்பு செய்யவில்லை. தராசு இல்லாவிட்டால் சிறுநீரகக் கல் விஷயத்தில் தவறான முடிவுக்குத்தான் போயிருப்போம். தராசைப் பிடிப்பவரிடம் நாம் கேட்க வேண்டிய கேள்விகள்தான் முக்கியம். என் கணக்கில் மூன்று.

முதல் கேள்வி: நீங்கள் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறீர்கள்? அட்மிஷன் கமிட்டி பற்றியா, பெண்ணின் வாழ்க்கை பற்றியா? கேள்வியைச் சொல்லாமல் எண்ணை மட்டும் நீட்டினால் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவது: நீங்கள் கழிப்பது, நாம் ஆராயும் விஷயத்துக்கு முன்னால் வந்ததா, பின்னால் வந்ததா? கல்லின் அளவு, டாக்டர் கத்தியை எடுக்கும் முன்பே இருந்தது. அதைக் கழிக்கலாம், கழிக்க வேண்டும். ஆனால், கம்பெனி போட்ட லெவல், கம்பெனி போட்டது. கம்பெனியின் நியாயத்தை விசாரிக்கும்போது கம்பெனி எடுத்த முடிவையே கழித்துவிட்டால், குற்றம் சாட்டப்பட்டவரையே நீதிபதி நாற்காலியில் உட்கார வைத்த மாதிரி.

மூன்றாவது: எதைக் கழிப்பது என்று எப்போது முடிவு செய்தீர்கள்? விடையைப் பார்ப்பதற்கு முன்பா, பிறகா? இப்போது பல ஆராய்ச்சியாளர்கள் தாங்கள் எதை எப்படிக் கணக்கிடப் போகிறோம் என்று முன்கூட்டியே எழுதிப் பதிவு செய்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பிக்கிறார்கள். கழித்தும் கழிக்காமலும் இரண்டு விடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லும் வழக்கமும் வந்திருக்கிறது. இரண்டும் நல்ல பழக்கம்.

சரி, நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம், நாம் என்ன ஆராய்ச்சிக் கட்டுரையா எழுதப் போகிறோம் என்று தோன்றலாம். தினமும் எழுதிக்கொண்டிருக்கிறோம், பேப்பரில் இல்லை, மனசுக்குள்.

பக்கத்து வீட்டுக்காரர் மாடி எடுத்துக் கட்டுகிறார். 'அவருக்கென்ன, அப்பா சொத்து இருக்கு, மாமனார் வசதி' என்று வரிசையாகக் கழிக்கிறோம். கழித்துக் கழித்து அவர் உழைப்பு என்று ஒன்று மிஞ்சாமல் பார்த்துக்கொள்கிறோம். நாம் வீடு கட்டும்போது? ஒரு பைசா கழிப்பதில்லை. பூராவும் என் உழைப்பு. நம் பையன் மார்க் குறைந்தால் 'ஜுரம், வாத்தியார் சரியில்லை, பேப்பர் கஷ்டம்' என்று எல்லாப் பாத்திரத்தையும் கழித்துவிடுகிறோம். வேலைக்கார அம்மாவின் பையன் ஃபெயிலானால் 'படிக்கலை, ஊர் சுத்தறான்'. அவன் படிக்க வீட்டில் ஒரு மூலை இருந்ததா என்பதை யாரும் கழிப்பதில்லை.

நமக்கு ஒரு கழித்தல், அடுத்தவனுக்கு ஒரு கழித்தல். ஆராய்ச்சியாளராவது எதைக் கழித்தேன் என்று அட்டவணை போட்டுக் காட்டுகிறார். நம் அட்டவணை நமக்கே தெரிவதில்லை.

'மற்றவை எல்லாம் சமமாக இருந்தால்' என்பது சின்ன வாக்கியம்தான். ஆனால், அதில் 'மற்றவை' என்று நாம் ஒதுக்கித் தள்ளுவது பல சமயம் இன்னொருவரின் முழு வாழ்க்கையாக இருக்கிறது. அவள் பிறந்த வீடு, அவளைச் சேர்த்த பள்ளி, அவளுக்குக் கொடுத்த லெவல், அவள் வீட்டில் இருந்த நாலு வருஷம்.

அடுத்த முறை யாராவது உங்களிடம், 'எல்லாத்தையும் கழிச்சுப் பார்த்துட்டேன் சார், ஒரு வித்தியாசமும் இல்லை' என்று ஒரு ரிப்போர்ட்டை நீட்டினால் உடனே தலையாட்டாதீர்கள். 'எதை எதை?' என்று கேளுங்கள். முடிந்தால் அந்தப் பட்டியலை, அது யாரைப் பற்றியதோ அவரிடமும் ஒரு தடவை காட்டுங்கள். எது அவர் கொண்டுவந்தது, எது அவர் தலையில் கட்டப்பட்டது என்று அவருக்குத்தான் தெரியும்.